கார்டொஃபல் என்கிற உருளைக்கிழங்கு

எழுதி ரொம்ப நாளாயிற்று. "டீச்சர், ஏன் எழுதுவதில்லை?" என்று இரண்டு மூன்று பேர் கேட்டுவிட்டீர்கள். காரணம் இதுதான்: ஆறு மாதமாக நான் ஜெர்மன் படித்துக்கொண்டிருக்கிறேன். சிரிக்காதீர்கள், 65 வயதில்தான்.

மகள் குடும்பம் லைப்சிக் நகரத்தில் இருப்பது உங்களில் பலருக்குத் தெரியும். பேத்திக்கு ஐந்து வயது. அங்கே பாலர் பள்ளிக்குப் போகிறாள். ஆசிரியர் பயிற்சியில் ஃபிரோபெல்லைப் பற்றிப் படித்தபோது மனப்பாடம் செய்த "கிண்டர்கார்டன்" என்ற சொல்தான் அதுவரை எனக்குத் தெரிந்த ஒரே ஜெர்மன். குழந்தைகளின் தோட்டம் என்று பொருள். அந்தத் தோட்டத்துக்குப் போகப் போக என் பேத்தியின் தமிழ் கொஞ்சம் கொஞ்சமாக உதிர ஆரம்பித்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை போனில், "என்னடா கண்ணு சாப்பிட்டே?" என்று கேட்டேன். "கார்டொஃபல்" என்றாள். எனக்குப் புரியவில்லை. அவளுக்குத் தமிழில் சொல்லத் தெரியவில்லை. ஓடிப்போய் ஒரு உருளைக்கிழங்கை எடுத்துவந்து கேமரா முன்னால் நீட்டினாள்.

நான் "கார்ட்டோபில்" என்றேன். விழுந்து விழுந்து சிரித்தாள். நாலு தடவை சொல்லிப் பார்த்தும் சரியாக வரவில்லை. "அம்மாச்சிக்குத் தெரியலை, அம்மாச்சிக்குத் தெரியலை" என்று கைதட்டினாள். போனை வைத்தபிறகு யோசித்தேன். இன்று ஒரு காய்கறியின் பெயரில் நிற்கிறோம். இன்னும் மூன்று வருஷம் போனால் இந்தக் குழந்தையும் நானும் எதைப் பேசிக்கொள்வோம்? மறுநாளே ஒரு நோட்டு வாங்கினேன்.

முதல் பக்கத்தில் எழுதிய சொல் அதுதான். சொல்லை எழுதினால் அதன் வரலாற்றைத் தேடுவது என் பழைய வியாதி. தேடத் தேட, அந்தக் கிழங்கு என்னை நம்ம ஊர் வாசலிலேயே கொண்டுவந்து நிறுத்திவிட்டது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

உருளைக்கிழங்கின் தாய்வீடு தென்னமெரிக்காவின் ஆண்டிஸ் மலை. அந்த மலைமக்கள் பேசும் கெச்சுவா மொழியில் அதன் பெயர் "பாப்பா". ஸ்பானியர்கள் பதினாறாம் நூற்றாண்டில் அதை ஐரோப்பாவுக்குக் கொண்டுபோனார்கள். கரீபியன் தீவுகளில் சர்க்கரைவள்ளிக்கிழங்குக்கு "பதாதா" என்று பெயர். இரண்டு கிழங்கையும் இரண்டு பெயரையும் குழப்பிக்கொண்டதில் ஸ்பானிய மொழியில் "பதாதா", ஆங்கிலத்தில் "பொட்டேட்டோ" என்று ஆயிற்று. நம் நாட்டின் மேற்குக் கரைக்குப் போர்த்துக்கீசியரோடு வந்ததால், மராத்தியிலும் குஜராத்தியிலும் இன்றுவரை அது "படாடா"தான்.

இத்தாலிக்காரர்கள் வேறு மாதிரி பார்த்தார்கள். மண்ணுக்குள் விளையும் ஒருவகைக் காளானைப் போல இருக்கிறதே என்று அந்தக் காளானின் பெயரையே வைத்து "தார்த்தூஃபொலோ" என்றார்கள். அது ஜெர்மனிக்குப் போய் "டார்டுஃபல்" ஆகி, முதல் எழுத்து மாறி "கார்டொஃபல்" ஆகிவிட்டது. நம் கிராமத்துப் பாட்டிமார் வாயில் மதுரை "மருதை" ஆவதில்லையா? எந்த ஊர் நாக்கும் தன் வசதிக்குத்தான் சொல்லை வளைக்கும்.

ஆனால் எல்லா ஜெர்மன்காரர்களும் இப்படிச் சொல்வதில்லை. ஆஸ்திரியாவிலும் ஜெர்மனியின் தெற்கிலும் அதை "எர்ட்அப்ஃபல்" என்பார்கள். எர்ட என்றால் நிலம், அப்ஃபல் என்றால் ஆப்பிள். நில ஆப்பிள்! காரைக்காலில் வளர்ந்தவர்களுக்கு இந்த இடத்தில் மண்டையில் மணி அடித்திருக்க வேண்டும். பிரெஞ்சில் நாம் "பொம் த தேர்" என்று படித்ததும் அதே நில ஆப்பிள்தானே. டச்சு மொழியில் "ஆர்ட்ஆப்பல்", அதுவும் நில ஆப்பிள்தான். டச்சுக்காரர்கள் ஆண்ட இலங்கையில் சிங்களவர் உருளைக்கிழங்கை "அர்தாபல்" என்கிறார்கள். டச்சுச் சொல் அப்படியே தங்கிவிட்டது.

இப்போது நம் கடற்கரையை மனதில் வரைந்துகொள்ளுங்கள். காரைக்காலுக்கு வடக்கே சுமார் 15 கிலோமீட்டரில் தரங்கம்பாடி. 1620-ல் தஞ்சை ரகுநாத நாயக்கரிடம் அனுமதி பெற்று டேனிஷ்காரர்கள் கோட்டை கட்டிய இடம். டேனிஷ் மொழியிலும் "கார்டொஃபல்"தான். நடுவில் 1739 முதல் பிரெஞ்சுக்காரர்கள் இருந்த நம் காரைக்கால், "பொம் த தேர்". தெற்கே சுமார் 20 கிலோமீட்டரில் நாகப்பட்டினம். முதலில் போர்த்துக்கீசியர், 1658 முதல் டச்சுக்காரர், 1781-ல் ஆங்கிலேயர். அங்கே "பதாதா", "ஆர்ட்ஆப்பல்", "பொட்டேட்டோ". ஒரு காலை நேரத்தில் பஸ்ஸில் போய்வரக்கூடிய தூரத்துக்குள் ஐந்து ஐரோப்பிய மொழிகள். அத்தனைக்கும் நடுவில் யாரிடமும் கடன் வாங்காமல், உருண்டையாக இருக்கிறது, கிழங்காக இருக்கிறது என்று பார்த்ததைப் பார்த்தபடி "உருளைக்கிழங்கு" என்று பெயர் வைத்துக்கொண்டது நம் தமிழ்.

இன்னொரு செய்தி. பிரஷ்யாவின் அரசர் இரண்டாம் பிரெடரிக், 1756 மார்ச் 24 அன்று உருளைக்கிழங்கு பயிரிடும்படி தம் அதிகாரிகளுக்கு ஆணை அனுப்பினார். அதே வருஷம் ஏழாண்டுப் போர் தொடங்கியது. அந்தப் போரில் பார்மாந்தியே என்ற பிரெஞ்சு ராணுவ மருந்தாளர் பிரஷ்யர்களிடம் சிறைப்பட்டார். சிறையில் அவருக்குக் கிடைத்த சாப்பாடு உருளைக்கிழங்கு. அப்போது பிரான்சில் அது பன்றித் தீவனம். தொழுநோய் வரும் என்று பயந்து 1748-ல் பாரிஸ் நீதிமன்றம் பயிரிடவே தடை போட்டிருந்தது. தின்றும் ஒன்றும் ஆகவில்லை என்று கண்ட பார்மாந்தியே, ஊர் திரும்பி அதற்காக வாதாடினார். 1772-ல் பாரிஸ் மருத்துவப் புலம் அது உண்ணத் தக்கது என்று ஒப்புக்கொண்டது.

அந்த ஏழாண்டுப் போர் எங்கோ ஐரோப்பாவில் நடந்தது என்று நினைத்துவிடாதீர்கள். அதே போரில்தான் 1760-ல் ஆங்கிலேயர் நம் காரைக்காலைப் பிடித்தார்கள். மறு வருஷம் புதுச்சேரியும் விழுந்தது. 1763 பாரிஸ் உடன்படிக்கையின்படி இரண்டும் பிரெஞ்சுக்காரர்களுக்குத் திரும்பின. ஒரே போர் நம் ஊரைக் கைமாற வைத்தது, பிரெஞ்சுக்காரர் தட்டில் உருளைக்கிழங்கையும் வைத்தது. வகுப்பில் இந்தப் போரை எத்தனையோ வருஷம் ஆண்டுக்கணக்காக மட்டும் ஒப்பிக்க வைத்திருக்கிறேன். கிழங்கைக் காட்டி நடத்தியிருந்தால் ஒருவரும் மறந்திருக்க மாட்டீர்கள்.

ஜெர்மன் இலக்கணத்தில் என்னைப் பாடாய்ப் படுத்துவது பால். நமக்குக் கிழங்கு அஃறிணை, அத்தோடு முடிந்தது. அவர்களுக்கு ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் டெர், டீ, டஸ் என்று ஒன்று வரவேண்டும். ஆண்பால், பெண்பால், அலிபாற்சொல் போல மூன்றாவது ஒன்று. "டீ கார்டொஃபல்" பெண்பால். அதே கிழங்கு "டெர் எர்ட்அப்ஃபல்" ஆனால் ஆண்பால்! காரணம் கேட்டால் பேத்தி, "அப்படித்தான் அம்மாச்சி" என்கிறாள். காலண்டர் தாளைக் கிழித்து எழுதி, காய்கறிக் கூடையில் ஒட்டிவைத்துப் படிக்கிறேன். ஒரே ஒரு சொல் மட்டும் ஒட்டாமலே ஒட்டிக்கொண்டது: "எர்ட்நுஸ்". எர்ட நிலம், நுஸ் கொட்டை. நம் நிலக்கடலை!

இப்படித் திண்டாடும்போதெல்லாம் எனக்குச் சீகன்பால்கு நினைவுக்கு வருகிறார். 1706 ஜூலை 9 அன்று தரங்கம்பாடியில் வந்து இறங்கிய ஜெர்மன் பாதிரியார். அப்போது வயது 23. தமிழ் ஒரு எழுத்துத் தெரியாது. ஒரு வயதான தமிழ் வாத்தியாரைத் தம் வீட்டிலேயே பள்ளி நடத்தச் சொல்லி, சிறு பிள்ளைகளோடு தரையில் உட்கார்ந்து மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். அந்தப் பிள்ளைகள் அவர் உச்சரிப்பைக் கேட்டுச் சிரிக்காமலா இருந்திருப்பார்கள்? அவர் எழுந்து போகவில்லை. பிறகு ஆயிரக்கணக்கான தமிழ்ச் சொற்களைத் தொகுத்தார். 1715-ல் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டு முடித்தார். 1716-ல் அவருடைய தமிழ் இலக்கண நூல் ஜெர்மனியில் ஹாலே நகரத்தில் அச்சானது. 1719-ல், 36 வயதில், தரங்கம்பாடியிலேயே இறந்தார். அவர் கட்டிய தேவாலயத்திலேயே கல்லறையும் இருக்கிறது. அவர் விட்ட இடத்திலிருந்து பலர் தொடர்ந்தார்கள். தரங்கம்பாடியில் இருந்த காமரர் 1803-லும், அவருக்குப் பின் கிரவுல் 1856-லும் திருக்குறளை ஜெர்மனுக்குக் கொண்டுபோனார்கள்.

நம் ஊரிலிருந்து தரங்கம்பாடிக்கு பஸ்ஸில் அரை மணி நேரம். என் மகள் வீட்டிலிருந்து ஹாலேக்கு ரயிலில் அரை மணி நேரம். நம் தமிழ் ஓலைச்சுவடிகள் இன்றும் அங்கே பத்திரமாக இருக்கின்றன. அடுத்த முறை போகும்போது பேத்தியின் கையைப் பிடித்துக்கொண்டு போய்க் காட்ட வேண்டும்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லாமல் இந்தப் பதிவை முடிக்க மனம் வரவில்லை.

நான் வேலைக்குச் சேர்ந்து சில வருஷங்களில் என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். பெயர் வேண்டாம். அவன் தாத்தா பிரெஞ்சுப் பட்டாளத்தில் இருந்த சொல்தா. ஒருநாள் ஆங்கிலப் பாடத்தில் எழுந்து நின்று "பொத்தாத்தோ" என்று வாசித்தான். நான் அதை அவனைப் போலவே திருப்பிச் சொல்லிக் காட்டினேன். வகுப்பே சிரித்தது. அந்த வருஷம் முழுக்க அவன் வாய்விட்டு வாசிக்கவே இல்லை. நானும் அதைப் பெரிதாக நினைக்கவில்லை.

பேத்தி கைதட்டிச் சிரித்த அன்று இரவுதான் அவன் முகம் ஞாபகம் வந்தது. இப்போது புரிகிறது. அவன் தாத்தா சொல்லிக்கொடுத்த பிரெஞ்சு எழுத்து வரிசையில் "ட" இல்லை, "த"தான். தெரிந்த ஒலியை வைத்துத் தெரியாத சொல்லைப் படித்திருக்கிறான். ஒரு நல்ல மாணவன் செய்வது அதைத்தான். சொல்லின் பிறப்பைப் பார்த்தால், ஸ்பானியர் சொன்ன "பதாதா"வுக்கு என் "பொட்டேட்டோ"வைவிட அவன் "பொத்தாத்தோ"தான் பக்கம்.

தம்பி, நீ இதைப் படிக்கிறாயா என்று எனக்குத் தெரியாது. படித்தால், உன் டீச்சரை மன்னித்துவிடு. நேரில் வந்தால் காபி போட்டு, உருளைக்கிழங்கு போண்டாவும் சுட்டுத் தருகிறேன்.

இப்போது ஆசிரியராக இருக்கும் என் மாணவர்களுக்கு ஒரே ஒரு வேண்டுகோள். ஒரு பிள்ளை தப்பாக வாசித்தால், திருத்துவதற்கு முன்னால், எங்கிருந்து அந்த ஒலி வந்தது என்று ஒரு நிமிஷம் யோசியுங்கள்.

போன ஞாயிற்றுக்கிழமை பேத்தியிடம் ஒரு ஒப்பந்தம் போட்டேன். வாரம் அவள் எனக்கு ஒரு சொல், நான் அவளுக்கு ஒரு சொல். நான் "கார்டொஃபல்" என்று திருத்தமாகச் சொன்னேன். அவள் "உருலைக்கிலங்கு" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சிரிக்கவில்லை. "இன்னொரு தடவை சொல்லுடா கண்ணு" என்றேன்.

அன்புடன்,
உங்கள் டீச்சர்
காரைக்கால்