எளிய பொறியும் இடர்க்காலமும்

ஒரு பொறியின் பெருமையை அதன் விலையும் வேகமும் அளந்து காட்டா. இடர்வந்த காலத்தில் அது மக்களுக்கு எவ்வாறு துணைநின்றது என்பதே உரைகல்லாகும். அமெரிக்காவில் எழுந்த ஒரு கருத்தும், யாழ்ப்பாணத்தில் ஓடிய ஒரு மோட்டார் வண்டியும் இதற்குச் சான்று பகர்வன.

1908ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோர்ட் தமது ‘ரி’ மாதிரி வண்டியை வெளியிட்டார். மோட்டார் வண்டி செல்வர்க்கே உரியதாயிருந்த அக்காலத்தில் அவர் நாட்டுப்புற உழவனை மனத்திற் கொண்டார். மேடுபள்ளமான மண்பாதைக்கு ஏற்ற உயரம், வலிமைமிக்க வனேடியம் உருக்கு, ஒரே வார்ப்பாய் அமைந்த நான்கு உருளைகள், கழற்றத்தக்க மேல்மூடி என்பன அதன் சிறப்புக்கள். உடையவனே சில கருவிகளைக் கொண்டு அதனைப் பழுதுபார்க்கலாம். தொடக்கத்தில் 850 டொலராயிருந்த விலை, 1913இல் நகரும் தொகுப்பு வரிசை ஏற்பட்டபின் படிப்படியாய்த் தாழ்ந்து, 1925இல் 300 டொலருக்குக் கீழ் இறங்கிற்று. 1927 வரை ஒன்றரைக் கோடிக்கு மேற்பட்ட வண்டிகள் உருவாயின.

அத்தகைய எளிமையை யாழ்ப்பாணத்தார் கண்டது இங்கிலாந்தின் ஒஸ்ரின் ஏ-40 வண்டியிலேயாம். 1947இல் வெளிவந்த இவ்வண்டி அமெரிக்காவுக்கும் ஏற்றுமதியாயிற்று. 1,200 கன சென்ரிமீற்றர் கொள்ளளவுடைய அதன் இயந்திரம் சிக்கலற்றது. பகுதிகள் யாவும் கைக்கெட்டுவன.

1990இல் போர் மீண்டும் மூண்டு, குடாநாட்டுக்குப் பெற்றோல் வருதல் தடைப்பட்டது. அப்போது இப்பழைய வண்டிகள் மண்ணெண்ணெயில் ஓடின. மண்ணெண்ணெய் குளிர்ந்த நிலையில் எளிதில் ஆவியாகாது. ஆதலின், சிறிது பெற்றோலால் இயந்திரத்தை முடுக்கி, அது சூடேறியபின் மண்ணெண்ணெய்க்கு மாற்றினர். அழுத்த விகிதம் தாழ்ந்த பழைய இயந்திரம் இதனைப் பொறுத்துக்கொண்டது. புகை மிகுந்தது, கரி படிந்தது, மசகெண்ணெய் நீர்த்தது. ஆயினும் வண்டி நிற்கவில்லை. உடுப்பிட்டி போன்ற வடமராட்சி ஊர்களினின்று மந்திகை மருத்துவமனைக்கும், வல்லை வெளியைக் கடந்து யாழ்ப்பாண நகருக்கும் செல்லவேண்டிய நோயாளர்க்கு ஒரு வண்டி ஓடுவதும் ஓடாமையும் உயிர்ப்பிரச்சினையாயிருந்தது.

2002இல் கண்டி வீதி திறக்கப்பட்டது. 2009இன் பின் புதிய வண்டிகள் பெருகின. ஒஸ்ரின் வண்டிகள் அருகி வருகின்றன. வண்டி அழிதல் இயற்கையே. ஆனால், உதிரிப்பாகம் கிடையாத நாட்களில் அதனை ஓடவைத்த கராஜ் தொழிலாளரின் கைத்திறன் ஏட்டில் ஏறாமலே மறைதல் பேரிழப்பாகும். அவர்களுள் முதியோர் இன்னும் நம்மிடையே உளர். அவர்களை அணுகிக் கேட்டு எழுதிவைத்தல் நம் மாணவர் செய்யத்தக்க வரலாற்றுப் பணியாம்.