நெடுவில்லும் ரீகர்வும்: மரபு வில்வேட்டையின் இரு வழிகள்

நெடுவில்லையும் ரீகர்வ் வில்லையும் பிரித்தறிய நாணேற்றிப் பார்க்க வேண்டும். நெடுவில்லில் நாண் இரு முனைகளிலும் உள்ள குதைகளைத் தவிர வேறெங்கும் வில்லைத் தொடாது. ரீகர்வ் வில்லின் முனைகள் இலக்கை நோக்கித் திரும்பி வளைந்திருக்கும். நாண் அந்த வளைவின்மேல் சில அங்குல நீளத்துக்குப் படிந்து கிடக்கும். சர்வதேசப் போட்டி விதிகளும் நெடுவில்லை இந்த அடிப்படையிலேயே வரையறுக்கின்றன. அமெரிக்காவில் மரபு முறையில் வில்வேட்டையாடுவோர் இன்று இவ்விரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடுக்கிறார்கள். ஆனால் இப்படித் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு 20-ஆம் நூற்றாண்டில்தான் பரவலாகக் கிடைத்தது. அதற்கு முன் ஒருவர் கையில் எந்த வில் இருக்கும் என்பதை அவர் ஊரின் மரமும் தட்பவெப்பமும் வாழ்க்கை முறையுமே தீர்மானித்தன.

நெடுவில் வடமேற்கு ஐரோப்பாவின் ஈரமான காடுகளுக்கு உரியது. அங்கே அதற்கு ஏற்ற மரம் யூ. அதன் உள்வைரம் அழுத்தத்தைத் தாங்கும். வெளிறு இழுப்பைத் தாங்கும். இரண்டும் சேர்ந்திருக்கும்படி ஒரே துண்டாகச் செதுக்கினால், வில்லின் வயிற்றுப்புறத்தில் வைரமும் முதுகுப்புறத்தில் வெளிறும் அமைந்துவிடும். ஒற்றை மரத்துண்டு முறியாமல் ஆழமாக வளைய வேண்டுமானால் அது நீளமாக இருக்க வேண்டும். நெடுவில் ஆளுயரத்துக்கு இருப்பதன் காரணம் இதுதான். 1545-இல் மூழ்கி 1982-இல் மீட்கப்பட்ட ‘மேரி ரோஸ்’ என்ற ஆங்கிலேயப் போர்க்கப்பலிலிருந்து நூற்றுக்கும் மேற்பட்ட முழு விற்கள் கிடைத்தன. அவற்றின் சராசரி நீளம் ஏறக்குறைய ஆறரை அடி. பெரும்பாலானவற்றின் இழுவிசை 100 பவுண்டுக்கும் மேல் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் கணித்துள்ளனர்.

முனை வளைந்த வில் ஆசியப் புல்வெளிகளில் வளர்ந்தது. குதிரைமேல் அமர்ந்து எய்பவருக்கு ஆளுயர வில் இடைஞ்சல். வெறும் மரத்தில் குட்டை வில் செய்தாலோ, முழுதாக இழுக்கும்போது முறிந்துவிடும். இந்தச் சிக்கலைக் கைவினைஞர்கள் மூன்று பொருள்களைக் கொண்டு தீர்த்தனர். நடுவே மரம், வயிற்றுப்புறத்தில் அழுத்தத்தைத் தாங்கும் கொம்பு, முதுகில் இழுப்பைத் தாங்கும் விலங்குத் தசைநார். இவற்றைத் தோலிலிருந்தோ மீனிலிருந்தோ காய்ச்சிய பசை பிணைத்தது. மங்கோலியர், உதுமானியத் துருக்கியர், முகலாயர் ஆகியோரின் விற்கள் இவ்வகையைச் சேர்ந்தவை. ஒரு வில்லை ஒட்டி, உலர்த்தி, பதப்படுத்தி முடிக்கப் பல மாதங்கள் ஆகும். ஈரம் பட்டால் பசை இளகும். ஆகவே மழை மிகுந்த இங்கிலாந்தில் யூ மரமும், வறண்ட ஆசியாவில் கொம்பும் நாரும் நிலைபெற்றதில் வியப்பில்லை.

துப்பாக்கி பரவிய பின் மேற்குலகில் வில், பொழுதுபோக்குப் போட்டிகளில் மட்டும் எஞ்சியது. அதை மறுபடியும் வேட்டைக்குக் கொண்டுவந்தவர்களில் முதன்மையானவர்கள் மாரிஸ் தாம்ப்சன், வில் தாம்ப்சன் சகோதரர்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் தென்மாநிலங்களின் பக்கம் போரிட்டுத் திரும்பிய இருவரும், தெற்குக் காடுகளிலும் சதுப்பு நிலங்களிலும் வில்லோடு அலைந்தனர். மாரிஸ் அந்த அனுபவங்களை எழுதி 1878-இல் நூலாக வெளியிட்டார். அது நாடெங்கும் வில் ஆர்வத்தைக் கிளப்பியது. மறு ஆண்டே தேசிய வில்வித்தைச் சங்கம் உருவானது; மாரிஸ் அதன் முதல் தலைவரானார்.

அடுத்த திருப்பம் கலிபோர்னியாவில் நிகழ்ந்தது. படுகொலைகளால் அழிக்கப்பட்ட யாஹி பழங்குடி மக்களில் கடைசியாக எஞ்சியவர் 1911-இல் ஓரோவில் நகரருகே தென்பட்டார். மானுடவியலாளர்கள் அவரை இஷி என்று அழைத்தனர். சான் பிரான்சிஸ்கோ அருங்காட்சியகத்தில் வாழ்ந்த அவருக்கும் மருத்துவர் சாக்ஸ்டன் போப்புக்கும் நட்பு மலர்ந்தது. இஷியின் வில் நெடுவில் அன்று. ஜூனிபர் மரத்தில் செய்து முதுகில் தசைநார் ஒட்டிய குட்டை வில். வில்லும் அம்பும் செய்யும் முறையோடு, காற்றின் திசை பார்த்து ஒளிந்து நிற்பதையும், ஒலியெழுப்பி விலங்கை அருகே வரவழைப்பதையும் அவர் போப்புக்குக் கற்றுக்கொடுத்தார். 1916-இல் காசநோயால் இறந்தார். போப் தம் நண்பர் ஆர்தர் யங்குடன் வேட்டையைத் தொடர்ந்தார். ஆனால் கையில் எடுத்தது ஆங்கிலேய மரபில் வந்த யூ வில்லை. 1923-இல் வெளிவந்த போப்பின் நூல் வில்வேட்டைக்காரர்களின் பாடநூலாகவே ஆனது. இப்படி, ஒரு பழங்குடி வேட்டைக்காரரின் பொறுமையும் இங்கிலாந்தின் வில்லும் சேர்ந்து அமெரிக்க வில்வேட்டையை உருவாக்கின. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்று தனி மான்வேட்டைப் பருவத்தை அனுமதித்தது. மற்ற மாநிலங்களும் அடுத்தடுத்து அவ்வழியில் சென்றன.

இதே காலத்தில் வில் ஆய்வுக்கூடத்துக்குள் நுழைந்தது. கிளாரன்ஸ் ஹிக்மன், பால் கிளாப்ஸ்டெக் ஆகிய இயற்பியலாளர்கள் 1930-களில் வில்லில் ஆற்றல் எப்படிச் சேர்கிறது, எங்கே வீணாகிறது என்று அளந்தனர். ஆங்கிலேய நெடுவில்லின் தடித்த, உருண்ட குறுக்குவெட்டு மரத்தைச் சமமாக வேலை வாங்கவில்லை என்பதும், தட்டையான செவ்வக வெட்டே சிறந்தது என்பதும் தெளிவாயின. அமெரிக்க நெடுவில் அதன்பின் தட்டையானது. கிளாப்ஸ்டெக் துருக்கிய வில்லைப் பற்றியும் 1934-இல் தனி நூல் எழுதினார். ஐரோப்பிய மரபும் ஆசிய மரபும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட்டன.

இரு வகைகளும் எதிரெதிரே நின்றது ஹோவர்ட் ஹில், ஃப்ரெட் பேர் ஆகிய இருவரின் காலத்தில். அலபாமாவில் பிறந்த ஹில், மூங்கில் பட்டைகளை ஒட்டிச் செய்த நெடுவில்லைக் கடைசிவரை கைவிடவில்லை. 1938-இல் வந்த ராபின் ஹுட் திரைப்படத்தின் வில் சாகசங்களில் பல இவர் எய்தவை. 1927-இல் டெட்ராய்ட் நகரில் ஆர்தர் யங்கின் அலாஸ்கா வேட்டைப் படத்தைப் பார்த்து ஈர்க்கப்பட்டவர் பேர். 1933-இல் சிறு தொழிலாகத் தொடங்கிய அவருடைய நிறுவனம், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மிச்சிகனின் கிரேலிங் நகரில் பெரும் தொழிற்சாலையாக வளர்ந்தது. மெல்லிய மரப்பட்டைகளின் இருபுறமும் கண்ணாடி இழைப் பட்டைகளைச் செயற்கைப் பசையால் ஒட்டும் முறை அங்கே பெருமளவில் கையாளப்பட்டது. கொம்பும் தசைநாரும் செய்த வேலையைக் கண்ணாடி இழை செய்தது. அதுவும் மழைக்கு அஞ்சாமல், ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில். ஆசிய வடிவம் எந்தத் தட்பவெப்பத்துக்கும் ஏற்றதாயிற்று. 1950-களிலும் 60-களிலும் அமெரிக்க வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் ரீகர்வுக்கு மாறினர்.

அந்த மாற்றத்துக்கு இயற்பியல் காரணம் உண்டு. முழுதாக இழுத்த நிலையில் இரு விற்களுக்கும் 50 பவுண்டு இழுவிசை இருக்கிறது என்று கொள்வோம். ரீகர்வில் இழுப்பின் தொடக்கத்திலேயே விசை விரைந்து ஏறும். இழுக்க இழுக்க நாண் வளைவிலிருந்து விலகும். அதனால் நெம்புநீளம் கூடி, கடைசி அங்குலங்களில் விசை மெதுவாகவே ஏறும். மொத்தத்தில் அதிக ஆற்றல் சேர்ந்து அம்பு வேகமாகப் பறக்கும். பழைய நேர் நெடுவில்லில் விசை சீராக ஏறும். வில்லின் நீளம் குறைந்தால் முடிவில் திடீரென்று கனக்கும். ரீகர்வைக் குட்டையாகச் செய்யவும் முடியும். வேட்டைக்கான ரீகர்வ் 58 முதல் 62 அங்குலம், நெடுவில் 66 முதல் 68 அங்குலம் என்பது வழக்கமான அளவு. புதருக்குள்ளும் மரத்தில் கட்டிய பரணிலும் இந்த வேறுபாடு பெரிது. ரீகர்வின் கனத்த நடுப்பகுதி கையில் அசையாமல் நிற்கும், அதிர்வையும் உள்வாங்கிக்கொள்ளும்.

நெடுவில்லின் பலம் வேறு வகையானது. அது மிக இலகு. நாள் முழுதும் சுமந்து நடந்தாலும் கை ஓயாது. நாண் வில்லின்மேல் வந்து அறைவதில்லை என்பதால் ஓசை குறைவு. கைப்பிடிக்கு மேலும் கீழும் வளையும் அதன் ஒடுங்கித் தடித்த கிளைகள் எளிதில் முறுகுவதில்லை; ரீகர்வின் அகன்று மெலிந்த முனைகள் தவறாக நாணேற்றினால் முறுகிவிடும். நாணை விடும்போது விரல்கள் சற்றுப் பிசகினாலும் நீண்ட வில் அதைப் பெரிதுபடுத்தாது. கைக்கு வந்து சேரும் அதிர்வே அதன் முக்கியக் குறை.

1960-களின் நடுவில் மிசூரியைச் சேர்ந்த ஹாலஸ் வில்பர் ஆலன் வில்லின் முனைகளில் கப்பிச் சக்கரங்களைப் பொருத்தினார். 1969-இல் காப்புரிமை பெற்ற அந்தக் காம்பவுண்ட் வில், முழுதாக இழுத்ததும் விரல்களின் மீதுள்ள பாரத்தைக் குறைத்தது. 1970-களின் முடிவுக்குள் வேட்டைக்காரர்களில் பெரும்பாலோர் அதற்குச் சென்றுவிட்டனர். நேற்றுவரை நவீனமாக இருந்த ரீகர்வ், தான் வென்ற நெடுவில்லோடு சேர்ந்து ‘மரபு வில்’ என்ற ஒரே பெயருக்குள் வந்தது. 1980-களில் இந்த மரபுக்குத் திரும்பியோர் பெருகினர். சிறு பட்டறைகளில் நெடுவில்லும் மறுபிறவி எடுத்தது. கிளைகளை முதலில் உள்ளேயும் பின் வெளியேயும் மெல்ல வளைத்து, நாண் மட்டும் தொடாதபடி செய்த கலப்பு நெடுவிற்கள் வேகத்தில் ரீகர்வை நெருங்கின.

ஆகவே இன்றைய தேர்வில் ஆற்றலுக்கு முன்பிருந்த முதன்மை இல்லை. 45 பவுண்டு அளவிலான எந்த மரபு வில்லும், கூர்தீட்டிய அகன்ற முனையுள்ள கனமான அம்போடு மான் வேட்டைக்குப் போதும். நெருக்கமான இடத்தில் காத்திருப்பவருக்கும் பகுதி பகுதியாகக் கழற்றிப் பயணம் செய்பவருக்கும் ரீகர்வ் ஏற்றது. நடந்தே தேடுபவருக்கும், நீண்ட கைகளால் அதிகம் இழுப்பவருக்கும், பராமரிப்புக் குறைவாக வேண்டுபவருக்கும் நெடுவில் ஏற்றது. எதை எடுத்தாலும் ஏறக்குறைய 20 கெஜத்துக்குள் விலங்கை நெருங்க வேண்டும். அதன் உயிர்நிலையில் ஒரே அம்பு தைக்கும் என்று உறுதியானால் மட்டுமே நாணை விட வேண்டும். இஷி கற்றுக்கொடுத்த பொறுமை இரு விற்களுக்கும் பொதுவானது.