பதினேழு வயதுக் கைகள்

லக்ஷ்மண் சிவராமகிருஷ்ணன் பெயரை எடுத்தாலே, 'எங்கேயோ போயிருக்க வேண்டியவர்' என்று பெருமூச்சு விடுவது தமிழ் ரசிகர்களின் வழக்கம். 9 டெஸ்ட், 26 விக்கெட், பிறகு வர்ணனையாளர் என்று அவர் வரலாற்றை மூன்று சொல்லில் முடித்துவிடுகிறோம். இந்தக் கணக்கில் குறை முழுவதும் அவர் பேரில் எழுதப்படுகிறது. அவர் லெக் ஸ்பின் வீசிய அதே ஆண்டுகளில், அவர் வயதுப் பிள்ளைகளைத் தொழிலுக்குப் பழக்கிய ஊர் ஒன்று தமிழ்நாட்டின் எல்லையில் வளர்ந்துகொண்டிருந்தது. அந்த ஓசூரைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால், தோற்றது ஆள் அல்ல, ஆளைப் பழக்கும் முறை என்பது தெரியும்.

சென்னையிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், பெங்களூரிலிருந்து 40 கிலோமீட்டர். அன்றைய தர்மபுரி மாவட்டத்தில், இன்றைய கிருஷ்ணகிரி மாவட்டத்தில் இருக்கும் ஓசூருக்கு 1970களில் சிப்காட் தொழிற்பேட்டை வந்தது. 1980 வாக்கில் லாரியும் மொபெட்டும் அங்கே உருவாகத் தொடங்கின. 1984-ல் டாடாவும் மாநில அரசின் டிட்கோவும் சேர்ந்து தொடங்கிய டைட்டன், கைக்கடிகாரத் தொழிலுக்குச் சுற்றுவட்டாரப் பள்ளிகளில் படிப்பு முடித்த, பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைத் தேடி எடுத்தது. கடிகாரம் செய்து பழக்கமே இல்லாத கைகள் அவை. இடுக்கியில் பிடித்த பல்சக்கரத்தை அதன் குழியில் நடுங்காமல் உட்கார வைக்க, கண்ணும் விரலும் மாதக்கணக்கில் ஒத்துப் பழக வேண்டும். முதல் வாரம் சரியாகச் செய்தவன் மூன்றாம் வாரம் தடுமாறலாம். தடுமாற்றமும் பயிற்சியில் சேர்த்தி என்பதுதான் அப்ரென்டிஸ் முறையின் உயிர்.

லெக் ஸ்பின்னும் இப்படிப்பட்ட கைத்தொழில்தான். பதினாறு வயதில் ரஞ்சியில் டெல்லிக்கு எதிராக 28 ரன்னுக்கு 7 விக்கெட் எடுத்த சிவா என்கிற சிவராமகிருஷ்ணனை, 1983-ல் ஆன்டிகுவாவில் டெஸ்ட் ஆட வைத்தபோது வயது 17 ஆண்டு 118 நாள். அடுத்த ஆண்டு பம்பாயில் இங்கிலாந்துக்கு எதிராக 64 ரன்னுக்கு 6, 117 ரன்னுக்கு 6. டெல்லியில் மறுபடி 6. மூன்று இன்னிங்ஸில் 18 விக்கெட். 1985 மார்ச் 10 அன்று மெல்போர்னில் நடந்த ஒருநாள் தொடரின் இறுதியாட்டத்தில் பாகிஸ்தானின் மியாண்டட் 48 ரன்னில் இருந்தபோது, அவரைக் கிரீஸை விட்டு இழுத்தது சென்னைப் பையனின் பந்து. பெயில்ஸைத் தட்டியது பெங்களூர்ப் பையன் சதானந்த் விஸ்வநாத்தின் கை. எல்லைக்கு இருபுறமும் உள்ள இரு நகரங்கள் அன்று ஒரே ஸ்டம்பிங்கில் சேர்ந்தன. ஆனால் விஸ்வநாத்துக்கு மொத்தமே 3 டெஸ்ட்தான் கிடைத்தது. சிவா 1986 ஜனவரியில் சிட்னியில் கடைசி டெஸ்ட் ஆடினார். 1987 உலகக் கோப்பையோடு, 22 வயது நிறையும் முன்பே, சர்வதேசக் களத்தை விட்டே போனார்.

'பேட்ஸ்மேன்கள் அவரைப் படித்துவிட்டார்கள், அவ்வளவுதான்' என்று ஒரு வாதம் உண்டு. அதில் உண்மை இருக்கிறது. 18 விக்கெட்டுக்குப் பிறகு, அந்த இங்கிலாந்துத் தொடரில் எஞ்சிய இன்னிங்ஸ்களில் அவருக்குக் கிடைத்தது ஐந்தே. ஆனால் படிக்கப்பட்ட பந்துவீச்சாளன் திரும்பப் படிப்பதற்கு ஓரிடம் வேண்டும். 'பதினாறு வயதில் ஆடிய டெண்டுல்கர் நிலைக்கவில்லையா' என்றும் கேட்கலாம். டெண்டுல்கர் பேட்ஸ்மேன். லெக் ஸ்பின்னரோ மணிக்கட்டும் தோளும் விரலும் ஒரே கணத்தில் சேரும் ஒரு இசைவை நம்பி வாழ்பவர். உடல் வளரும் வயதில் அது கலைந்தால் மறுபடி கட்ட நாளாகும். சரியான ஒப்பீடு எல்லைக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. பெங்களூரின் லெக் ஸ்பின்னர் கும்ப்ளே 1990-ல் ஒரு டெஸ்ட் ஆடிவிட்டு, அடுத்த டெஸ்டுக்கு 1992 வரை காத்திருந்தார். உள்ளூர் ஆட்டங்களில் தேறிய அந்த இரண்டு ஆண்டு அவருக்குக் கெடுதலாக முடியவில்லை. 619 விக்கெட்டுக்கு அடித்தளமானது. சிவாவுக்கு அந்த வரிசை தலைகீழாக வந்தது: முதலில் புகழ், அதன் பிறகு பயிற்சி.

2000-ல் அவர் வர்ணனைக்கு வந்ததை ஆறுதல் பரிசாகப் பார்ப்பவர்கள், 'பேசுவது ஆடுவதற்கு ஈடாகுமா' என்பார்கள். ஈடாகாது, விக்கெட் கணக்கில் ஒன்றுகூட ஏறாது. ஆனாலும் ஒரு தொழிலின் நுட்பம் இரண்டு வழியில்தான் வாழ்கிறது: செய்கிற கையில், செய்வதை விளங்கவைக்கிற வாயில். புறங்கை பேட்ஸ்மேனைப் பார்த்துத் திரும்பினால் கூக்ளி, மணிக்கட்டு பக்கவாட்டில் சுழன்றால் லெக் பிரேக். பந்து தரையைத் தொடும் முன்பே இதைப் பிரித்தறியும் கண், அதை வீசிப் பழகியவருக்கு எளிதில் வாய்க்கும். பதினேழு வயதில் அவர் விரலுக்குத் தெரிந்திருந்தது இருபது ஆண்டுக்கும் மேலாக மைக் வழியே பொதுச்சொத்தாயிற்று. ஓசூரின் தொழிற்கூடங்களில் கை தளர்ந்த மூத்த தொழிலாளி புதுப் பையனுக்குச் சொல்லிக்கொடுக்கும்போது அவரைத் தோற்றவர் என்று யாரும் சொல்வதில்லை. சிவாவுக்கும் அந்த மரியாதை உரியது. அந்தப் பெருமூச்சை, பதினேழு வயதுத் திறமையைத் தேய்மானம் பார்க்காமல் ஓட்டிய முறைக்காக வைத்துக்கொள்வோம்.