ஹெரேஸில் எழுந்த புகையும் அபுதாபியின் இரட்டைப் புள்ளிகளும்

ஃபார்முலா ஒன் பார்க்கிற யாரிடமாவது 2014 சீசனைப் பற்றிக் கேட்டால் இரண்டு விஷயம் சொல்வார்கள். ஒன்று, இஞ்சின் சத்தம் செத்துப் போனது. இன்னொன்று, மெர்சிடிஸ் எல்லாரையும் துவைத்துக் காயப்போட்டது. மூன்றாவதாக ஒரு கூத்து நடந்தது, அதைப் பலரும் மறந்துவிட்டார்கள். கடைசிப் பந்தயத்துக்கு மட்டும் இரட்டைப் புள்ளி என்று ஒரு விதி. அந்த விதியையும், அந்த வருடம் ஜனவரியில் ஸ்பெயினில் நடந்த சோதனை ஓட்டத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்க வேண்டும் என்று எனக்கு ரொம்ப நாளாக ஆசை.

முதலில் 2013. செபாஸ்டியன் வெட்டல், ரெட் புல் அணி. தில்லிக்குப் பக்கத்தில் கிரேட்டர் நொய்டாவின் புத் ட்ராக்கில் அக்டோபர் 27ம் தேதி தொடர்ந்து நான்காவது முறையாகச் சாம்பியன் ஆனார். அதற்குப் பிறகும் மூன்று பந்தயங்கள் பாக்கி இருந்தன, அந்த மூன்றையும் அவரே ஜெயித்தார். சீசனின் கடைசி ஒன்பது பந்தயங்களிலும் வரிசையாக ஒரே ஆள் வெற்றி! முடிவில் வெட்டல் 397 புள்ளி, இரண்டாவதாக வந்த அலோன்சோ 242. ஞாயிற்றுக்கிழமை மதியம் டிவி முன்னால் உட்காருகிறவனுக்கு இதில் பார்க்க என்ன இருக்கிறது? பெர்னி எக்கிள்ஸ்டோனுக்கு வந்த கவலையும் அதுதான். ரசிகன் டிவியை அணைத்தால் அவர் கல்லாவும் அணைந்துவிடும்.

டிசம்பர் 9, 2013 அன்று எஃப்.ஐ.ஏ. அறிவித்தது: 2014 முதல் சீசனின் கடைசிப் பந்தயத்துக்குப் புள்ளிகள் இரட்டிப்பு. முதலிடத்துக்கு 25க்குப் பதில் 50, இரண்டாமிடத்துக்கு 36, மூன்றாமிடத்துக்கு 30, இப்படியே பத்தாமிடத்துக்கு 2 வரை. சாம்பியன்ஷிப் கடைசி வரை விறுவிறுப்பாக இருக்க வேண்டுமாம். எக்கிள்ஸ்டோன் கேட்டது கடைசி மூன்று பந்தயங்களுக்கு, கிடைத்தது ஒன்றுக்குத்தான். ரசிகர்கள் கொதித்துப் போனார்கள். வெட்டல் இதை அபத்தம் என்றே சொன்னார். மொனாக்கோவில் ஜெயித்தால் 25, அபுதாபியில் ஜெயித்தால் 50 என்றால் எந்த ஊர் நியாயம்? பரீட்சையில் கடைசிக் கேள்விக்கு மட்டும் இரண்டு மடங்கு மார்க் போடுகிற மாதிரி.

இதில் எனக்குப் பிடித்த கணக்கு ஒன்று இருக்கிறது. இந்த விதி 2013லேயே இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? இந்தியப் பந்தயம் முடிந்தபோது வெட்டல் 322, அலோன்சோ 207. வித்தியாசம் 115. மிச்சம் மூன்று பந்தயம். கடைசியை இரட்டித்தாலும் அலோன்சோ அதிகபட்சம் வாங்கக்கூடியது 25+25+50, அதாவது 100. ஆக, எந்த நோய்க்காக மருந்து கண்டுபிடித்தார்களோ அந்த நோய்க்கே இது கேட்டிருக்காது. அதே நொய்டாவில் அதே நாள் வெட்டல் சாம்பியன்தான்!

ஆனால் நெருக்கமாக முடிந்த வருடங்களில் இதே விதி தலைகீழாக்கியிருக்கும். 2012ல் வெட்டல் 281, அலோன்சோ 278. கடைசியாக பிரேசிலில் அலோன்சோ இரண்டாமிடம், வெட்டல் ஆறாமிடம். இரட்டித்துப் பாருங்கள்: அலோன்சோ 296, வெட்டல் 289. பட்டம் கை மாறியிருக்கும். 2008ல் ஹாமில்டன் 98, மாஸா 97. பிரேசிலில் மாஸா முதலிடம், ஹாமில்டன் ஐந்தாமிடம். அன்றைய புள்ளிகளை இரட்டித்தால் மாஸா 107, ஹாமில்டன் 102. யாரும் குறை சொல்லாத, அதுவாகவே கடைசி நிமிடம் வரை போன சீசன்களில்தான் இந்த விதி கை வைத்திருக்கும். ஒருதலைப்பட்சமாகப் போன சீசனை அதனால் ஒன்றும் செய்திருக்க முடியாது.

விதியை அறிவித்து ஏழு வாரம். ஜனவரி 28, 2014. தெற்கு ஸ்பெயினில் ஹெரேஸ். புது வருடத்தின் முதல் சோதனை ஓட்டம்.

அந்த வருடம் கார்களே முழுசாக மாறியிருந்தன. 2.4 லிட்டர் வி8 போய், 1.6 லிட்டர் வி6 டர்போ வந்தது. கூடவே இரண்டு மின்மோட்டார்கள். ஒன்று பிரேக் பிடிக்கும்போது வீணாகும் சக்தியை வாங்கி பேட்டரியில் சேர்க்கும், தேவைப்படும்போது சுமார் 160 குதிரைத்திறனைத் திருப்பித் தரும். இன்னொன்று டர்போவோடு இணைந்து, வெளியேறும் புகையின் வேகத்திலிருந்து மின்சாரம் எடுக்கும். பந்தயம் முழுக்க 100 கிலோ எரிபொருள்தான். ஒரு மணி நேரத்துக்கு 100 கிலோ என்ற வேகத்துக்கு மேல் இஞ்சினுக்குள் அனுப்பவும் கூடாது. இத்தனையையும் ஒன்றோடொன்று பேச வைக்கும் மென்பொருள் சரியாக இல்லை என்றால் கார் நகராது.

நகரவில்லை. நான்கு வருடச் சாம்பியன் வெட்டல் முதல் நாள் ஓடியது மொத்தம் 3 சுற்று. இரண்டாம் நாள் 8. பிறகு புதிதாக அணிக்கு வந்த டேனியல் ரிக்கார்டோ உட்கார்ந்தார்: 3 சுற்று, கடைசி நாள் 7. நான்கு நாளில் 21 சுற்று. ஹெரேஸ் ட்ராக்கின் நீளம் 4.428 கிலோமீட்டர், அப்படியென்றால் சுமார் 93 கிலோமீட்டர். ஒரு முழுப் பந்தயம் 300 கிலோமீட்டருக்கும் கொஞ்சம் மேல். அதில் மூன்றில் ஒரு பங்கு கூட ஓட முடியவில்லை. ரெனோ இஞ்சினின் மின்சேமிப்பிலும் கட்டுப்பாட்டு மென்பொருளிலும் கோளாறு. போதாததற்கு காற்றியக்கத்துக்காக ரெட் புல் காரின் பின்பக்கத்தை இறுக்கி மூடியிருந்தார்கள், சூடு வெளியேற வழி இல்லாமல் புகைந்தது. ரெனோ இஞ்சின் வைத்து வந்திருந்த மூன்று அணிகளும் சேர்ந்து 151 சுற்றுதான். (நான்காவது அணியான லோட்டஸ் ஹெரேஸுக்கே வரவில்லை.) மெர்சிடிஸ் இஞ்சின் வைத்திருந்தவர்கள் மொத்தம் 875 சுற்று. மெர்சிடிஸ் அணி மட்டும் 309. இத்தனைக்கும் முதல் நாளே ஹாமில்டனின் முன் இறக்கை உடைந்து கார் தடுப்புச் சுவரில் மோதி, அன்றைய ஓட்டம் பாதியில் நின்று போனது.

சரி, சோதனை ஓட்டம்தானே, அப்புறம் சரி செய்துகொள்ளலாமே என்று கேட்கலாம். செய்ய முடியாது. எல்லா அணிகளும் சேர்ந்து ஓட்டிப் பார்க்க சீசனுக்கு முன் மொத்தமே 12 நாள். ஹெரேஸில் நான்கு, பஹ்ரைனில் எட்டு. பிப்ரவரி 28க்குள் இஞ்சின் வடிவத்தை எஃப்.ஐ.ஏ.விடம் ஒப்படைத்துவிட வேண்டும். அதன்பின் பழுதாகாமல் இருப்பதற்கும் பாதுகாப்புக்கும் செலவுக் குறைப்புக்கும் தவிர அந்த வருடம் கை வைக்க அனுமதி இல்லை. ஜனவரியில் சறுக்கினால் நவம்பர் வரை அந்தச் சறுக்கலோடுதான் வாழ வேண்டும்.

சோதனை ஓட்டமே இல்லாமல் பந்தயத்துக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கு நம்ம சென்னைக்காரர் கருண் சந்தோக் சாட்சி. 2010ல் ஹெச்.ஆர்.டி. என்ற புது அணி காரையே முடிக்காமல் பஹ்ரைனுக்கு வந்து சேர்ந்தது. அவர் அந்தக் காரை முதன்முதலாக ஓட்டியதே தகுதிச் சுற்றில்தான்! பந்தயத்தில் ஓரிரு சுற்றுகளிலேயே மோதி வெளியேறினார். (முதலிடத்துக்கு 25 புள்ளி என்ற முறை ஆரம்பித்ததும் அதே பந்தயத்தில்தான்.)

மறுபடி 2014க்கு வருவோம். வெட்டலின் ஆதிக்கத்தை உடைக்கத்தான் இரட்டைப் புள்ளி. அந்த ஆதிக்கத்தை ஜனவரி மாதத்திலேயே ஒரு மென்பொருளும் ஒரு சூடான காரும் உடைத்துவிட்டன. வெட்டல் அந்த சீசனில் ஒரு பந்தயம் கூட ஜெயிக்கவில்லை. 19 பந்தயங்களில் மெர்சிடிஸ் 16, மீதி மூன்றும் ரிக்கார்டோ. விதி யாருக்காக வந்ததோ அவர் போட்டியிலேயே இல்லை; விதி மட்டும் அபுதாபியில் உட்கார்ந்து காத்துக்கொண்டிருந்தது.

இப்படிப் போன வருடத்துப் பிரச்சினைக்கு இந்த வருடம் விதி எழுதுவது எஃப்.ஐ.ஏ.வுக்குப் பழக்கம். 2002ல் ஷூமாக்கர் ஜூலை மாதமே, ஆறு பந்தயம் பாக்கி இருக்கும்போதே பட்டத்தை வாங்கிவிட்டார். உடனே 2003ல் இரண்டாமிடத்துக்கு 6க்குப் பதில் 8 என்று உயர்த்தினார்கள். விளைவு, ஒரே ஒரு பந்தயம் ஜெயித்த ராய்க்கோனன், ஆறு ஜெயித்த ஷூமாக்கரிடம் இரண்டே புள்ளியில் தோற்றார். ஜெயிப்பதற்கு மரியாதை குறைந்துவிட்டது என்று புலம்பல். 2008ல் ஆறு ஜெயித்த மாஸா, ஐந்து ஜெயித்த ஹாமில்டனிடம் பட்டம் இழந்ததும் அடுத்த பக்கம் சாய்ந்தார்கள்: 2009 மார்ச் 17ல், அதிக வெற்றி யாருக்கோ அவரே சாம்பியன் என்று அறிவிப்பு. அணிகள் எதிர்த்ததும் மூன்றே நாளில் கைவிட்டார்கள். 2013ல் அணிகள் அப்படி ஒன்று சேர்ந்து நிற்கவில்லை என்பது எனக்கு இன்னும் வருத்தம்.

நவம்பர் 23, 2014. அபுதாபி. ஹாமில்டன் 334, ராஸ்பெர்க் 317. அதுவரை ஹாமில்டன் பத்து பந்தயம் ஜெயித்திருந்தார், ராஸ்பெர்க் ஐந்து. சாதாரணப் புள்ளி என்றால் ராஸ்பெர்க் ஜெயித்தாலும் ஹாமில்டனுக்கு ஆறாமிடம் போதும். இருவரும் 342ல் சமமாகி, அதிக வெற்றி பெற்றவர் என்ற கணக்கில் பட்டம் ஹாமில்டனுக்கே. இரட்டைப் புள்ளியில் அவர் இரண்டாவதாக வந்தே ஆக வேண்டும். மூன்றாமிடம் என்றால் 364க்கு 367 என்று தோற்றிருப்பார். இரு மடங்கு வெற்றி பெற்றவர், நடுவில் ஒரு டயர் வெடித்தால் போதும், எல்லாம் போச்சு.

நடந்தது வேறு. ஹாமில்டன் முதல் திருப்பத்துக்குள்ளேயே முந்திவிட்டார். பந்தயத்தின் நடுவில் ராஸ்பெர்க் காரின் மின்சக்தி அமைப்பு செத்துப் போய், 160 குதிரைத்திறன் இல்லாமல் ஒவ்வொரு இடமாகப் பின்னால் நழுவினார். ஓட்டத்தை நிறுத்திக்கொள்ளலாம் என்று அணி சொல்லியும், முடித்துவிட்டே வருகிறேன் என்று ஓட்டி, 14வதாக வந்தார். (அந்த மனுஷன் மேல் மரியாதை வந்தது அன்றைக்குத்தான்.) ஹாமில்டன் 384, ராஸ்பெர்க் அதே 317. அந்த வருடம் பட்டத்துக்குப் போட்டி கடைசி நாள் வரை போனதும் இரட்டைப் புள்ளியால் இல்லை. 17 புள்ளி வித்தியாசம் பழைய முறையிலும் கடைசி நாள் வரை போயிருக்கும்.

அடுத்த மாதமே விதியை எடுத்துவிட்டார்கள். 2015ல் அது இல்லை.

சரி, ஒரே ஒரு முறை அமலான விதி, பட்டியலில் எதையாவது மாற்றியதா என்று உட்கார்ந்து எல்லார் புள்ளியையும் திரும்பக் கூட்டிப் பார்த்தேன். முதல் ஒன்பது இடம் அப்படியே இருக்கிறது. மாஸாவும் பட்டனும் தலா 116 என்று சமமாகிறார்கள், ஆனால் இரண்டாமிடம் பிடித்த கணக்கில் மாஸாதான் மேலே. மாறுவது பத்தாவது இடம். ஃபோர்ஸ் இந்தியாவின் செர்ஜியோ பெரெஸ் அபுதாபியில் ஏழாவதாக வந்து 12 புள்ளி வாங்கி, மொத்தம் 59ல் பத்தாவதாக முடித்தார். சாதாரணப் புள்ளி என்றால் அவருக்கு 53. மக்னுஸன் 55, ராய்க்கோனன் 54. பெரெஸ் பன்னிரண்டாவது.