கியூவில் நின்றவர்கள்: அமெரிக்க ஃபுட்போலும் மலசலகூடக் கணக்கும்

அமெரிக்கர்கள் 'ஃபுட்போல்' எண்டு சொல்வது எங்கட உதைபந்தாட்டத்தை இல்லை. முட்டை வடிவப் பந்தைத் தூக்கிக்கொண்டு ஓடுவதும், ஓடுபவரை விழுத்துவதும்தான் அங்கே ஆட்டம். ஆனால் அந்த நாளின் பாதித் திருவிழா மைதானத்துக்கு வெளியே நடக்கிறது. போட்டி தொடங்க மணித்தியாலக் கணக்கில் இருக்கும்போதே சனம் வந்துவிடும். வாகனத் தரிப்பிடத்தில் பிக்கப்பின் பின்கதவை இறக்கி, அடுப்பு மூட்டி, இறைச்சி வாட்டி, பியர் குடிப்பார்கள். அந்தப் பின்கதவின் பெயர்தான் 'டெயில்கேட்'. கொண்டாட்டத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது.

குடித்த பியர் வெளியே போகவும் வேணுமே. மைதானத்தின் கதவு இன்னும் திறக்கவில்லை. அதனால் பிளாஸ்டிக் பெட்டி மாதிரியான மலசலகூடங்களை வாடகைக்கு எடுத்து வரிசையாக வைப்பார்கள். இதைத் திட்டமிடுபவர் பார்ப்பது எத்தனை பேர், எத்தனை மணித்தியாலம், குடிவகை உண்டா இல்லையா என்பதைத்தான். குடி உண்டெண்டால் பெட்டிகளும் கூடும். ஒரு பெட்டியின் தொட்டி சுமார் 60 கலன் பிடிக்கும். அது நிரம்ப முன்னம் உறிஞ்சும் லொறி உள்ளே வர வழியும் விட்டிருக்க வேணும்.

சிரிப்பாகத்தான் இருக்கும். ஆனால் யாருடைய காத்திருப்பு கணக்கில் எடுக்கப்படுகிறது என்ற கேள்வி இந்தப் பெட்டியின் பிறப்பிலேயே இருக்கிறது. 1940களில் கலிபோர்னியாவின் லோங் பீச் கப்பல் கட்டும் தளங்களில் இது தொடங்கியது என்பதுதான் வழக்கமாகச் சொல்லப்படும் கதை. கப்பலுக்குள் வேலை செய்தவர்கள் சிறுநீர் கழிக்கக் கரைவரை நடந்து போய்வர வேண்டியிருந்தது. அந்த நடைக்கும் கூலி கொடுக்க வேண்டியிருந்த முதலாளிமார், கூடத்தையே கப்பலுக்குக் கொண்டுவந்தார்கள். தொழிலாளியின் அவதிக்காக இல்லை, வீணாகிய நேரத்துக்காக. முதலில் மரமும் உலோகமும். பிறகு ஃபைபர் கிளாஸ். 1970களில் இப்போதைய பாரம் குறைந்த பிளாஸ்டிக்.

அந்தக் காலத்தில் மிச்சிகனில் ஒரு நிறுவனம் தன் பெட்டிகளுக்கு 'ஹியர்ஸ் ஜோனி' எண்டு பெயர் வைத்தது. அமெரிக்கப் பேச்சு வழக்கில் 'ஜோன்' எண்டால் மலசலகூடம். தொலைக்காட்சிப் பிரபலம் ஜோனி கார்சனை ஒவ்வொரு இரவும் மேடைக்கு அழைத்த வசனமும் அதுவே. அவர் வழக்குப் போட்டார். 1983இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அந்த வசனம் அவருடைய அடையாளம் என்று ஏற்றுக்கொண்டது. ஒரு பிரபலத்தின் பெயருக்கு இருந்த மதிப்பு, கியூவில் நிற்கும் பொம்பிளையளின் நேரத்துக்குக் கிடைக்க இன்னும் சில வருடம் ஆனது.

1987இல் கலிபோர்னியா முன்னோடியாக ஒரு சட்டம் போட்டது. கொண்டுவந்தவர் மாநில செனட்டர் ஆர்ட் டொரஸ். தன் மனைவியும் மகளும் ஒரு இசை நிகழ்ச்சியில் மலசலகூடத்துக்காக நெடுநேரம் நிற்பதைக் கண்டு எழுந்த யோசனை அது. கணக்கு எளிமையானது: பெண்களுக்கு ஆண்களைவிட ஏறத்தாழ இரட்டிப்பு நேரம் வேண்டும். அதோடு, ஒரே பரப்பளவில் ஆண்களின் சிறுநீர்த் தொட்டிகளை நெருக்கி வைக்கலாம், கதவு போட்ட அறைகளை அப்படி வைக்க முடியாது. ஆகவே 'இரண்டு பக்கமும் சமன்' எண்டு கட்டிடக் கலைஞர் கீறிய படம் தொடக்கத்திலேயே சமனில்லை.

1990இல் ஹியூஸ்டனில் ஒரு இசை நிகழ்ச்சி. கியூவில் நின்று ஏலாமல் ஆண்கள் பக்கம் நுழைந்த ஒரு பெண்மீது பொலிஸ் வழக்குப் பதிந்தது. ஜூரிகள் 23 நிமிடத்தில் அவரைக் குற்றமற்றவர் என்றார்கள். எங்களுக்கு அதில் ஆச்சரியமில்லை. ஜூரியிலும் கியூவில் நின்ற ஆக்கள் இருந்திருப்பார்கள்தானே!

அடுத்து டெனிசி. 1994இல் அந்த மாநிலம் பெண்களுக்கு இரட்டிப்பு வசதி வேண்டும் என்று சட்டமாக்கியது. 1999இல் நாஷ்வில்லில் ஏறக்குறைய 67,000 இருக்கைகளோடு புதிய ஃபுட்போல் மைதானம் அந்தச் சட்டப்படியே திறந்தது. ஃபுட்போல் பார்க்க வருபவர்களில் ஆண்கள் அதிகம். இந்தமுறை ஆண்கள் நீண்ட வரிசையில் நின்றார்கள். உடனே புகார். 2000ஆம் ஆண்டே சட்டமன்றம் அந்த மைதானத்துக்கு விலக்கு அளித்துவிட்டது.

ஆண்களின் அவதி பொய்யில்லை. பியர் குடித்தவனுக்கு 15 நிமிடம் என்பது நீண்ட காலம். கூட்டத்தில் யார் அதிகம் எண்டு பார்த்து எண்ணிக்கையை மாற்றுவதிலும் நியாயம் உண்டு. எங்களை உறுத்துவது வேகம்தான். தலைமுறை தலைமுறையாகப் பொம்பிளையள் நின்றபோது அதை 'அவையள் மினக்கெடுவினம்' என்று பகிடியாக்கிய நாடு, ஆண்கள் ஒரு பருவகாலம் நின்றதும் சட்டத்தையே திருத்தியது.

டெயில்கேட் நடக்கும் தரிப்பிடத்தில் அந்தப் பகிடிக்கு இடம் குறைவு. அங்கேயுள்ள பெட்டிகளில் பெரும்பாலும் ஆண், பெண் பிரிவில்லை. வாசம் எல்லாருக்கும் ஒண்டுதான், கியூவும் ஒண்டுதான். மைதானத்தின் கதவைத் தாண்டியதும் கியூ இரண்டாகிறது. சிகாகோவின் சோல்ஜர் ஃபீல்ட் 2003இல் திருத்தித் திறக்கப்பட்டபோதும் ஆண்களே புகார் செய்தார்கள். பெண்களின் கழிப்பறைகளில் சிலவற்றை ஆண்களுக்கு மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குப் பிறகு அங்கே நீண்டது பெண்களின் வரிசை.