முட்டப்பதியின் துவையல் தவசு

நெய்யாற்றின்கரை, பாறசாலை தொடங்கிக் குமரிமுனை வரை நீண்டிருந்த தென் திருவிதாங்கூரில், 19ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் ஒடுக்கப்பட்ட சாதியார் தலைவரி கட்டினார்கள். கூலியில்லா ஊழியம் செய்தார்கள். பெண்கள் மேலாடை அணியவும் தடை இருந்தது. இந்த மண்ணில்தான் முத்துக்குட்டி என்று அழைக்கப்பட்ட அய்யா வைகுண்டர் 1833 முதல் சாமிதோப்பில் போதிக்கத் தொடங்கினார். கூட்டம் பெருகியதும், திருவிதாங்கூர் மன்னர் சுவாதித் திருநாளின் அரசு அவரைத் திருவனந்தபுரத்துச் சிங்காரத்தோப்பில் சிறை வைத்தது. 1839இல் அவர் விடுதலையானார்.

அதன் பிறகு அவர் ஏற்படுத்தியதே துவையல் தவசு. எழுநூறு குடும்பங்கள் ஊரையும் வீட்டையும் விட்டுக் கடலோரத்து வாகைப்பதியில் கூடின என்பது அவரைப் பின்பற்றும் அய்யாவழி மரபு. ஒரு நாளில் மூன்று முறை கடலில் குளித்தார்கள். உடுத்த துணியையும் அப்படியே மூன்று முறை துவைத்தார்கள். பச்சரிசியும் சிறுபயறும் சேர்த்துப் பொங்கியதை ஒரு வேளை மட்டும், எல்லோரும் ஒரே பந்தியில் உண்டார்கள். இறைச்சியும் மீனும் இல்லை. மீதிப் பொழுது வழிபாட்டில் கழிந்தது. 'தீண்டினால் தீட்டு' என்று ஒதுக்கப்பட்டவர்கள் தூய்மையையே தங்கள் தவமாக எடுத்துக்கொண்டார்கள். மேல்சாதி நியாயத்துக்கு இதைவிட நேரடியான பதில் அன்று எழவில்லை.

வாகைப்பதியில் நோய் பரவிச் சிலர் இறந்தனர். எஞ்சியவர்கள் கன்னியாகுமரிக்கு அருகே முட்டப்பதிக்கு மாறி, அங்கே சில மாதங்கள் தவத்தைத் தொடர்ந்து, பிறகு கலைந்தார்கள்.

இத்தகைய கூட்டுவாழ்வு பிற நாடுகளிலும் உண்டு. பாலஸ்தீனத்தில் யூதர்கள் 1910இல் தெகானியா என்ற முதல் கிப்புட்ஸ் கூட்டுக் குடியிருப்பையும், 1937இல் மத நெறி வழுவாத திராத் ஸ்வியையும் அமைத்தார்கள். அங்கே பொதுச் சமையலறையோடு பொது வயலும் இருந்தது. துவையல்காரர்களுக்கு விதைக்கவோ அறுக்கவோ பொது நிலம் இல்லை. விரதத்தால் மட்டும் எழுநூறு குடும்பங்களை நெடுநாள் ஒரே இடத்தில் கட்டி வைக்க முடியாது. அந்தக் குடியிருப்பு நிலைக்காததற்கு நோயைவிட இதையே பெரிய காரணமாகக் கொள்ளலாம்.

ஆனால் கலைந்தவர்கள் வெறுங்கையோடு திரும்பவில்லை. குளியல், தூய ஆடை, சமபந்தி என்ற பழக்கங்களை ஊர்களுக்குக் கொண்டுசென்றார்கள். துவையல் பண்டாரங்கள் என்று மதிக்கப்பட்டார்கள். ஊர்தோறும் எழுந்த நிழல் தாங்கல்கள் என்ற வழிபாட்டிடங்களில் வழிபாட்டோடு சோறும் எழுத்தும் கிடைத்தன. முத்துக்குட்டியின் கூட்டம் தங்கள் பணிக்குத் தடை என்று கிறித்தவம் பரப்பிய லண்டன் மிஷன் சங்கத்தார் அறிக்கைகளில் குறைபட்டுக்கொண்டதே இந்த இயக்கத்தின் வீச்சுக்குச் சான்று. 1841இல் அரிகோபாலன் சீடர் அய்யாவழியின் புனித நூலான அகிலத்திரட்டு அம்மானையை எழுதி, துவையலையும் அதில் பதிவு செய்தார்.

வைகுண்டர் 1851இல் மறைந்தார். மேலாடை உரிமை 1859இல்தான் அரச அறிவிப்பால் கிடைத்தது. முட்டப்பதி இன்று அய்யாவழியின் ஐந்து முதன்மைத் தலங்களான பதிகளில் ஒன்று. சாமிதோப்பில் பச்சரிசியும் சிறுபயறும் கலந்த நித்தப்பால் வழங்கப்படுகிறது. நிழல் தாங்கல்களை அந்தந்த ஊராரே நடத்துகிறார்கள்.