ஹில் கவுண்டியும் அதன் நியாயஸ்தலமும்

ஹில் கவுண்டி: அமெரிக்க ஐக்கிய நாடுகளின் டெக்சஸ் மாநிலத்திலுள்ள 254 கவுண்டிகளுள் ஒன்று. டல்லாஸுக்கும் வேக்கோவுக்கும் இடைப்பட்ட இப்பிரதேசத்தின் கிழக்குப் பகுதி பருத்திக்கேற்ற கரிசல் பூமி. மேற்கெல்லையில் பிரேசோஸ் நதி ஓடுகிறது. 1853ஆம் ஆண்டில் நவாரோ கவுண்டியினின்று பிரிக்கப்பட்ட இது, டெக்சஸ் தனிக் குடியரசாக விளங்கிய காலத்தில் யுத்த மந்திரியாயிருந்த வைத்தியர் ஜார்ஜ் வாஷிங்டன் ஹில்லின் பெயரைத் தாங்கியது. ஹில்ஸ்போரோ இதன் தலைநகரம்.

டெக்சஸில் கவுண்டி நியாயஸ்தலம் என்பது வழக்கு விசாரணைக்கு மாத்திரம் உரியதன்று. நிலப் பத்திரங்கள் பதிவாவதும், வரி செலுத்தப்படுவதும், விவாக அனுமதி வழங்கப்படுவதும், ஜனங்களால் தேர்ந்தெடுக்கப்பட்ட கவுண்டி நீதிபதி நான்கு கமிஷனர்களுடன் அமர்ந்து சாலைக்கும் செலவுக்கும் திட்டம் வகுப்பதும் அதனைச் சார்ந்தே நிகழ்வதால், குடியானவனுக்கு அரசாங்கம் என்பதே அந்த ஒரு கட்டடந்தான் என்று சொல்லிவிடலாம். ஆயினும் ஹில் கவுண்டியில் சட்டம் எளிதில் வேரூன்றவில்லை. உள்நாட்டு யுத்தத்திற்குப் பின் கலகம் மலிந்து, 1871 ஜனவரியில் கவர்னர் டேவிஸ் இங்கே ராணுவச் சட்டத்தையே பிரகடனம் செய்ய நேர்ந்தது.

நிலைமையை மாற்றியது ரயில். 1881இல் மிசௌரி-கான்ஸாஸ்-டெக்சஸ் ரயில் பாதை ஹில்ஸ்போரோவை எட்டியதும் பருத்தி வர்த்தகம் செழித்தது. அச்செல்வத்தின் செருக்கிலே எழுந்ததே 1890ஆம் ஆண்டின் நியாயஸ்தலம். லாம்பாஸஸ், வெதர்ஃபோர்டு முதலிய ஊர்களின் நியாயஸ்தலங்களையும் அமைத்த வேக்கோ நகரத்துச் சிற்பி டபிள்யூ. ஸி. டாட்ஸன், மூன்றாம் நெப்போலியன் காலத்துப் பாரிஸ் பாணியை அனுசரித்து, சுண்ணாம்புக்கல் சுவர்களின்மேல் செங்குத்தாய்ச் சரியும் கூரைகளையும், நடுவே நாற்புறமும் கடிகாரம் பொருந்திய உயர்ந்த கோபுரத்தையும் நிறுவினார். அமெரிக்காவின் கீழ்த்திசை நகரங்களில் அப்பாணி அதற்குள் பழசாகிவிட்டிருந்தது. அலங்காரமும் சற்று மிகைதான். எனினும் சுற்றிலும் கடைகள் சூழ்ந்த சதுக்கத்தின் மத்தியில் தனித்து நிற்கும் அதன் கம்பீரத்தை மறுப்பதற்கில்லை.

பருத்தியின் மகிமை நிலைக்கவில்லை. 1910இல் 46,000க்கு மேற்பட்டிருந்த ஜனத்தொகை 1970இல் அதில் பாதிக்கும் குறைந்தது. கட்டடத்திற்கு வந்த பேராபத்தோ 1993ஆம் ஆண்டின் முதல் நாளன்று நேரிட்டது: தீப்பற்றி, கூரை எரிந்து, கோபுரமும் வீழ்ந்தது, கற்சுவர்கள் மாத்திரம் எஞ்சின. இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவதே சிக்கனம் என்று கருத இடமிருந்தும், பழைய உருவத்திலேயே அதை மீட்பதென்ற முடிவை ஊரார் மேற்கொண்டது போற்றத்தக்கது. இக்கவுண்டியின் ஆபட் கிராமத்தில் பிறந்த புகழ்பெற்ற பாடகர் வில்லி நெல்சன் கச்சேரி நடத்தி நிதி திரட்டித் தந்தார். கோபுரமும் கடிகாரமும் மீண்டும் எழுந்து, 1999இல் நியாயஸ்தலம் திறக்கப்பெற்றது.

பழமையான நியாயஸ்தலங்களைப் புதுப்பிக்கக் கவுண்டிகளுக்கு மானியம் வழங்கும் திட்டத்தை டெக்சஸ் மாநில அரசாங்கம் ஏற்படுத்தியதும் அதே 1999ஆம் ஆண்டில்தான்.